செஞ்சோற்றுக் கடனும் கண்ணோட்டமும்

1. தோற்றுவாய்

தொழிலுலகில் வாழ்வாரை மூன்று சாராராகப் பகுக்கலாம். பொருளுக்கு உரியவர் ஒரு சாரார். உடலுழைத்துக் கூலி பெறுவோர் மற்றொரு சாரார். முன்னவர் பொருளைக் கொண்டு பின்னவரை வேலை வாங்கும் நிர்வாகிகள் மூன்றாஞ் சாரார். முதலாளி பழிக்கப்படுதலும் தொழிலாளி இரங்கப்படுதலும் நாம் நாள்தோறும் கேட்பனவே. இடையில் நிற்கும் நிர்வாகியின் உள்ளத்தே நிகழும் போரை நாம் அத்துணைக் கருதுவதில்லை.

அவன் உண்ணும் சோறு முதலாளியினுடையது. ஆதலின் முதலாளியின் ஆக்கங் கருதுதல் அவனுக்குக் கடன். இதனைச் செஞ்சோற்றுக் கடன் என்பது தமிழ் வழக்கு. ஆயின், அவன் கண்முன் நிற்போர் தொழிலாளர். அவர் பசியும் பிணியும் கணக்கேட்டில் எண்ணாக அன்றி முகமாகவே அவனுக்குத் தோன்றுகின்றன. ஒரு பக்கம் கடன் இழுக்க, மறுபக்கம் இரக்கம் இழுக்க, அவன் யாது செய்யத்தக்கான்? இவ்வினாவை ஒரு மெய் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரியை விட்டு நீங்கும் நம்மிற் பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் பிறரிடம் சம்பளம் பெற்றுப் பிறரை ஆளும் நிலையை அடைவர் ஆகலின், இது நம்மை நோக்கிய வினாவே என்க.

2. நூல்கள் காட்டும் நெறி

செஞ்சோற்றுக் கடன் என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் கன்னனும் கும்பகருணனும் ஆவர். கம்பர் காட்டும் கும்பகருணன் தமையன் செயல் தீதென்பதை எடுத்துரைத்தான். தமையன் கேளாமை கண்டும் அவன்பொருட்டே போர்க்களம் புகுந்து மாய்ந்தான். வீடணனோ நீதியை உரைத்து, ஏலாமை கண்டு, பிரிந்து சென்றான். உடனிருந்து மாய்தல், பிரிந்து போதல் என்னும் இரண்டே வழிகள் உள்ளனபோலும் என இவர் வரலாறு நம்மை எண்ணச் செய்கின்றது. எனினும் இருவரும் தம் கருத்தை மறைத்திலர். தலைவன் முகத்தெதிரே உண்மையைச் சொல்லிய பின்னரே இருவரும் தத்தம் வழிச் சென்றனர். இவ்வொற்றுமை நாம் மனத்துட் கொள்ளத்தக்கது.

இனித் திருவள்ளுவர் நெறியை நோக்குவோம். அவர் இரக்கத்தை இரண்டிடங்களிற் பேசுகின்றார். அறத்துப்பாலில் துறவறவியலுள் அருளுடைமை என்பது 25ஆம் அதிகாரம். பொருட்பாலில் அரசியலுள் கண்ணோட்டம் என்பது 58ஆம் அதிகாரம். எல்லாவுயிர்க்கும் இரங்கும் அருள் துறந்தார்க்கு உரியது. கண்ணோட்டமோ ஆட்சி நடத்துவோர்க்கு உரியது. தம்மொடு பழகியவரைக் கண்டவிடத்து அவர் சொல்லைத் தள்ளமாட்டாத இயல்பு எனப் பரிமேலழகர் இதற்குப் பொருள் காண்பர். துறவி தன்னுடைமையைத் துறந்து இரங்குகின்றான், அவனுக்குக் கணக்கில்லை. ஆள்வோனோ பிறர் பொருளையும் பிறர் காரியத்தையும் கையில் வைத்துக்கொண்டு இரங்கவேண்டியவன். ஆதலின் மேற்கொண்ட வினைக்குக் கேடு வாராத வகையிற் கண்ணோட வல்லவரையே வள்ளுவர் உயர்த்திப் பேசுகின்றார். கண் இல்லாத இடத்துக் கண்ணோட்டமும் இல்லை. காண்பவனுக்கே அது கடனாகின்றது.

திருமறையுள் லூக்கா சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமையும் ஈண்டு நோக்கத்தக்கது. வேலை போகும் எனக் கண்ட அவன், எசமானுடைய கடன்காரரை அழைத்து, நூறு குடம் எண்ணெய் என்றிருந்த சீட்டை ஐம்பதாகவும், நூறு கலம் கோதுமை என்றிருந்ததை எண்பதாகவும் மாற்றுவித்தான். கடன்காரர் பெற்றது உதவியே. ஆயினும் அதனை இரக்கம் என்பார் எவருமிலர். ஏனெனில் சீட்டு திருத்தப்பட்டது. எசமான் அறியாமற் செய்யப்பட்டது. தனக்கொரு புகலிடம் தேடிச் செய்யப்பட்டது. பிறர் பொருளாற் செய்யும் இரக்கத்திற்கு நேரக்கூடிய மூன்று குற்றங்களும் இவ்வுவமையில் அடங்கியுள. இவற்றை உரைகல்லாகக் கொண்டு மேற்செல்வோம்.

3. நியூ லானார்க்கு ஆலை

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆறு அருவியாக வீழும் ஓரிடத்தில், டேவிட் டேல் என்னும் கிளாஸ்கோ வணிகர் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பாருடன் கூடி நூற்பாலை நிறுவக் கருதினார். 1786இல் ஆலை நடைபெறலாயிற்று. நீரின் விசையே அதன் எந்திரங்களைச் சுழற்றியது. அவ்வூரே நியூ லானார்க்கு.

டேல் பத்தியுள்ள கிறிஸ்தவர், பிரசங்கமும் செய்தவர். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களினின்று ஆதரவற்ற சிறுவர் ஏறத்தாழ 500 பேரை அவர் ஆலையில் வைத்திருந்தார். அவர்க்கு நல்லுணவும் உடையும் தூய உறையுளும் அளித்துப் பள்ளியும் நடத்தினார். எனினும் அச்சிறுவர் காலை ஆறு மணி தொடங்கி மாலை ஏழு மணிவரை வேலை செய்தனர், அதன்பின்னரே பள்ளி. ஆறு வயதுக் குழந்தை ஒன்று பகல் முழுதும் எந்திரத்தின்முன் நின்று இரவிற் கற்பது யாது? நல்லவர் ஒருவர் உள்ளத்து இரக்கம் இருந்தும் ஆலையின் ஒழுங்கு மாறவில்லையெனின் அவ்விரக்கம் பாதி வழியில் நின்றுவிடுகின்றது என்பதற்கு இதுவே சான்று.

டேலின் ஆலையை 60,000 பவுனுக்கு வாங்கிய மான்செஸ்டர்ப் பங்காளிகளுள் ஒருவர் இராபர்ட் ஓவன். இவர் 1771இல் வேல்ஸ் நாட்டு நியூட்டவுன் என்னும் ஊரிற் பிறந்தவர். பத்து வயதிலேயே துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தவர். ஏறத்தாழ இருபது வயதில், 500 பேர் வேலை செய்த மான்செஸ்டர் நூற்பாலை ஒன்றிற்கு நிர்வாகியானார். அங்கே முதல் ஆறு வாரம் ஆம், இல்லை என்பனவற்றிற்கு மேல் யாதும் பேசாமல், காலையில் முதலாவதாக வந்து மாலையில் கடைசியாகச் சென்று, ஒவ்வொரு வேலையையும் உற்றுநோக்கினார் எனத் தம் வரலாற்றிற் கூறுகின்றார். 1799இல் டேலின் மகளை மணந்தார். 1800 ஜனவரி முதல் நாள் நியூ லானார்க்கு ஆலையின் நிர்வாகத்தை ஏற்றார். அவருக்கு ஒன்பதில் ஒரு பங்கும் ஆண்டுக்கு 1,000 பவுன் சம்பளமும் உரியனவாயின. எஞ்சிய எட்டுப் பங்கு பிறருடையது. இக்கணக்கை நாம் மறத்தலாகாது. நம் வினா முழுதும் இவ்வெட்டுப் பங்கினுள் அடங்கியது.

4. நான்கு மாதக் கூலி

ஓவன் புகுந்தபோது ஊரிற் களவும் குடியும் மிகுந்திருந்தன. அயல்நாட்டார் ஒருவர் தம்மைப் பிழிந்து ஆதாயம் எடுக்க வந்தார் என்றே தொழிலாளர் எண்ணினர். ஓவன் ஆதரவற்ற சிறுவரை ஆலைக்கு எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அனுப்ப வேண்டாமெனப் பெற்றோரை வற்புறுத்தினார். நல்ல சரக்குகளை மொத்தமாக வாங்கி ஆலைக் கடையிற் குறைந்த விலைக்குக் கொடுத்தார். இவ்வளவு செய்தும் ஐயம் நீங்கவில்லை.

அவ்வேளை, அமெரிக்க ஐக்கிய நாடு பிரிட்டனோடு கொண்ட பிணக்கினால் தன் துறைமுகங்களை அடைத்துப் பஞ்சு வெளிச்செல்லாதவாறு தடுத்தது. ஓவன் தம் வரலாற்றில் இதனை 1806ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகக் குறிக்கின்றார். பஞ்சு விலை மேன்மேல் ஏறிற்று. உயர்ந்த விலைக்கு வாங்கி நூற்றால் விலை இறங்கும்போது பெருநட்டம் வரும். நூலாமல் நின்றால் ஆலை வீணே கிடக்கும். ஆலைகாரர் பலர் எந்திரத்தை நிறுத்தித் தொழிலாளரை வெளியேற்றினர். எந்திரத்தை நிறுத்துதல் தவறன்று. அது வணிகர் அறிவே. வெளியேற்றப்பட்டோர் எங்குச் செல்வர் என்பது கணக்கேட்டில் எழுதப்படாத வினா.

ஓவனும் எந்திரத்தை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் வெளியேற்றினாரில்லை. எந்திரங்களைத் துடைத்துச் செம்மையாக வைத்திருத்தலே வேலையாக, முன்பு பெற்ற கூலியை அவ்வாறே அளித்தார். தடை நான்கு மாதம் நீடித்தது. அந்நான்கு மாதத்தில் வேலையின்றி இருந்தோர்க்கு அளித்த தொகை 7,000 பவுனுக்கு மேற்பட்டது. ஒருவர் கூலியிலும் ஒரு காசு குறைக்கப்படவில்லை. இதன் பின்னரே தொழிலாளர் தம்மை முழுதும் நம்பினர் என்கின்றார் ஓவன்.

5. பங்காளிகளின் வழக்கு

கதையை இவ்விடத்தே நிறுத்தி ஓவனைப் புகழ்ந்துவிடுதல் எளிது. ஆயின் நீதி வேண்டுவோர் மறுபக்கத்தையும் கேட்டல் வேண்டும். ஒன்பதில் ஒரு பங்கு உடையவர் 7,000 பவுன் கொடுத்தால் அதில் ஏறத்தாழ 6,200 பவுன் பிறர் பணமன்றோ? “எம் பணத்தால் நீர் அறஞ்செய்து பெயர் பெறுதல் தகுமோ?” எனப் பங்காளிகள் கேட்பின் அதற்கு விடை யாது? இரக்கமுள்ளவர் இவ்வினாவைச் சினந்து ஒதுக்குதல் தவறு. பங்காளிகளும் தம் பொருளை நம்பி ஒப்படைத்தவரே. நம்பிக்கைக்குத் துரோகம் செய்து செய்யப்படும் அறம் அறமாகாது.

முன்னே கண்ட உவமையின் மூன்று குற்றங்களைக் கொண்டு ஓவன் செயலை உரைத்துப் பார்ப்போம். சீட்டு திருத்தப்பட்டதோ? இல்லை, கொடுத்த தொகை ஆலைக் கணக்கில் உள்ளபடியே ஏறியது. மறைவாகச் செய்யப்பட்டதோ? இல்லை, ஊரறிய நிகழ்ந்தது. தன்னலங் கருதியதோ? இல்லை, செலவில் அவர் பங்கும் அடங்கியிருந்தது, பங்காளிகளின் சினமும் அவரையே சேர்வதாயிற்று. ஆதலின் உக்கிராணக்காரன் செயலும் ஓவன் செயலும் புறத்தே ஒத்திருப்பினும் அகத்தே வேறென்பது தெளிவு.

இன்னும் ஒன்று. பழகிய தொழிலாளரைச் சிதறவிட்டால், பஞ்சு வந்த நாளில் புதியவரைத் தேடிப் பழக்குதல் வேண்டும்; அதுவும் செலவே. ஆகவே அக்கூலி ஆலைக்கும் ஒருவாறு காப்பாயிற்று. எனினும் இதனையே பெருங்காரணமாகக் காட்டுதல் யாம் விரும்பாதது. ஆதாயம் வரும் என்றறிந்த இடத்து மட்டும் இரங்குவோம் எனின், ஆதாயமில்லாத இடத்து ஏழையின் கதி என்னாவது? வினை சிதையாமை கண்ணோட்டத்திற்கு எல்லையேயன்றிக் காரணமன்று.

6. ஏலம்

பங்காளிகளுக்கு ஐயம் வளர்ந்தது. தொழிலாளர் வீட்டிற்கும் பள்ளிக்கும் ஆகும் செலவை 1809இல் அவர்கள் மறுத்தனர். ஓவன் ஆலைக்கு 84,000 பவுன் விலை மதித்து, அவ்விலைக்குத் தாம் விற்கவோ வாங்கவோ இசைந்தார். அவர்கள் விற்றனர், ஓவன் புதிய பங்காளிகளுடன் வாங்கினார். புதியவரும் சில ஆண்டில் பழையவர் போலாயினர். பள்ளிக்கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கையில் அதனைத் தடுத்தனர். தாம் வணிகர், நூல் நூற்று ஆதாயம் பெற வந்தோரேயன்றிச் சிறுவரைக் கற்பிக்க வந்தோரல்லர் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இப்போது ஓவன் செய்தது யாது? கும்பகருணன்போல் உடன்பட்டு நின்றாரல்லர். வீடணன்போல் பிரிந்து போய்விட்டாருமல்லர். தம் கருத்தை அச்சிட்டு இலண்டனிற் பலருக்கும் காட்டி, அக்கருத்திற்கு இசைந்து பொருள் தருவோரைத் தேடினார். குவேக்கர் சபையாராகிய வில்லியம் ஆலன், சட்ட அறிஞர் ஜெரமி பெந்தாம் முதலியோர் முன்வந்தனர். முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதமே இலாபமாகக் கொள்வது, எஞ்சியதைத் தொழிலாளர் நலத்திற்கும் கல்விக்கும் செலவிடுவது என்பதே அவர்கள் உடன்பாடு. 1813 இறுதியில் ஆலை ஏலத்திற்கு வந்தது. பழைய பங்காளிகளும் போட்டியிட்டனர். 114,100 பவுனுக்கு ஓவன் பக்கத்தார் ஏலம் எடுத்தனர். அவர் திரும்பி வந்தபோது தொழிலாளர் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை இழுத்துச் சென்றனர்.

ஏலம் முடிந்து கணக்குத் தீர்த்தபோது வெளிப்பட்ட செய்தி ஒன்றுண்டு. முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நீக்கியும் அந்நான்காண்டில் நின்ற இலாபம் 160,000 பவுன் என ஓவன் எழுதுகின்றார். ஆலை கெட்டது என்று முறையிட்டவர் பெற்ற இலாபம் இது! வினை சிதையவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1816 ஜனவரி முதல் நாள் அப்பள்ளி திறக்கப்பட்டது. நடக்கத் தொடங்கிய குழந்தைகள் முதல் அங்கே சேர்க்கப்பட்டனர்; அடித்தல் விலக்கப்பட்டது. ஆலையில் வேலை நேரம் உணவு வேளை நீங்கலாக 10¾ மணியாகக் குறைந்தது. அவ்வாண்டே பார்லிமெண்டு விசாரணைக் கமிட்டியின் முன் ஓவன் சாட்சி கூறினார். 1819இல் நிறைவேறிய சட்டம் ஒன்பது வயதிற்குட்பட்டோரைப் பஞ்சாலைகளில் வைத்தலை விலக்கியது. ஓவன் விரும்பிய அளவிற்கு அது செல்லவில்லை. ஒரு நிர்வாகியின் கண்ணோட்டம் நாட்டுச் சட்டத்தின் வாயில்வரை சென்றது என்பது மட்டும் உண்மை.

7. ஓவனிடத்துக் குறைகள்

குறையில்லாதவராக எவரையும் காட்டுதல் ஆராய்ச்சியாகாது. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நாற்புறமும் நான்கு நிறந் தீட்டிய சிறு மரக்கட்டை ஒன்றை ஓவன் தொங்கவிட்டார். முன்னாள் ஒழுக்கம் தீதெனின் கறுப்பும், நடுத்தரமெனின் நீலமும், நன்றெனின் மஞ்சளும், மிக நன்றெனின் வெள்ளையும் முன்புறம் காட்டும். அடியும் வசையும் இன்றி ஒழுங்கு செய்த வழி என இதனைப் போற்றலாம்; பலர் காண ஒருவனை நாள்தோறும் எடைபோடுதல் அவன் மானத்தைத் தொடுவது எனவும் கூறலாம். 1819இல் அங்குச் சென்று பார்த்த கவிஞர் ராபர்ட் சவுதே, ஊரின் தூய்மையை வியந்தபோதிலும், தனியொருவர் சொல்லால் இயங்கும் அவ்வூரை அடிமைகள் உழைக்கும் தோட்டத்தோடு ஒப்பிட்டார். அருள் உள்ளவரேனும், கேட்போர் வாய்திறவாத இடத்தில் நின்று ஆளுதல் இடர் உடையதே.

அடிமை என்ற சொல் மற்றொன்றையும் நினைப்பூட்டுகின்றது. தடையினால் நின்றுபோன அமெரிக்கப் பஞ்சு பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்தது 1865இலேதான். கிளைடு ஆற்றங்கரையிற் கூலி குறையாத குடும்பம் உண்ட உணவில், கடலுக்கு அப்பால் கூலியே பெறாத ஒருவன் வியர்வையும் கலந்திருந்தது. கண்ணோட்டம் கண்ணுக்கு எட்டிய அளவே செல்லும் இயல்பினது; அதனைக் காணாதவர்வரை நீட்டுவதே அருள். வள்ளுவர் இரண்டையும் வேறுவேறு அதிகாரமாக வைத்ததன் நுட்பம் இங்கே விளங்குகின்றது.

சமயத்தைப் பொறுத்தமட்டில் ஓவன் நம் கருத்தினர் அல்லர். மனிதனின் குணம் சூழ்நிலையால் அமைக்கப்படுவதேயன்றி அவனால் அமைவதன்று என்பது அவர் கொள்கை. 1817இல் இலண்டனில் எல்லாச் சமயங்களையும் கண்டித்துப் பேசினார். பாவத்தையும் மனந்திரும்புதலையும் நம்பும் நாம் இதனை ஏற்றல் இயலாது. எனினும், அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிப்போக, புறத்தானாகிய சமாரியனே இரங்கினான் என்று நம் ஆண்டவர் உரைத்த உவமையை மறந்து அவரைப் பழித்தலும் நமக்குத் தகாது. ஓவனுக்குத் துணைநின்ற ஆலன் ஆழ்ந்த தேவபக்தியுடையவர். கொள்கையில் ஓவனோடு பல காலும் முரணியவர். ஆயினும் நல்ல காரியத்திற் பொருளிட்டார். இதுவும் நமக்குப் பாடமே.

8. முடிவுரை

இனி, நம் வினாவிற்கு மீள்வோம். ஓவன் பங்கும் செல்வாக்கும் உடையவர். ஆலையையே ஏலத்தில் எடுக்க வல்லவர். மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி, பின்னே மனைவி மக்களை வைத்திருக்கும் ஒரு சாதாரண மானேஜர் என் செய்வார்? அவரை நோக்கி, “ஓவனைப்போல் செய்க” எனக் கட்டளையிடுதல் எளிது, நீதியன்று. எனினும் அவராலும் ஆவன சில உள.

முதலாவது, தாம் கண்டதை மேலிடத்திற்குக் காட்டுதல். தொலைவிலுள்ள முதலாளி எண்ணை மட்டும் காண்கின்றார். தொழிலாளி தன் வீட்டை மட்டும் காண்கின்றான். இரண்டையும் ஒருங்கே காண்பவர் நிர்வாகி ஒருவரே. இன்னார் நீக்கப்பட்டால் இன்னது நேரும் என்பதனை, ஆணை நிறைவேறுவதற்கு முன்னரே, எழுத்தில் அறிவித்தல் செஞ்சோற்றுக் கடனுக்கு மாறன்று. அதுவே அக்கடனின் சிறந்த பகுதி. உண்மையை அறியாத முதலாளிக்கு இணங்கி நடத்தல் விசுவாசமாகாது.

இரண்டாவது, கணக்கைத் திருத்தாமை. இரக்கத்தின்பொருட்டும் பொய்க்கணக்கு எழுதுதல் கூடாது. இன்று ஏழைக்காகத் திருத்திய கை நாளை தனக்காகவும் திருத்தும்.

மூன்றாவது, தம் பங்கை முன்வைத்தல். பிறர் நட்டப்படவேண்டும் எனக் கேட்போர், தாமும் அந்நட்டத்திற் சிறிது ஏற்றல் வேண்டும். தம் சம்பளம் முழுதும் இருக்கப் பிறர் இலாபத்தைக் குறைக்கச் சொல்லும் இரக்கம் எடுபடாது.

நான்காவது, சொல்லியும் கேளாவிடத்து, மனச்சான்று ஒப்பாத செயலைத் தம் கையாற் செய்யாமை. அப்போது வேலை போதலும் கூடும். அவ்விடத்தில் ஒருவர்க்கு வேண்டுவது எளிய அறிவுரையன்று; நண்பர் துணையும் தெய்வத்துணையும் ஆம். அத்தகையவர் ஒருவர் நம் ஊரில் இருப்பின், அவர் குடும்பத்தைத் தாங்குதல் நம் எல்லார்க்கும் கடன்.

நியூ லானார்க்கில் எந்திரங்கள் 1968வரை சுழன்றன. 2001இல் அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. அங்கே காண்போர் வியப்பது கற்கட்டிடங்களை. நாம் வியக்கத்தக்கது, நான்கு மாதம் நூல் ஒரு கழியும் வெளிவராத ஆலையின் கணக்கேட்டில், கூலி என்ற தலைப்பின் கீழ் ஒரு காசும் குறையாமல் எழுதப்பட்ட அத்தொகையையே. மறைக்க ஏதுமின்றி எழுதப்பட்ட அவ்வரியிற் கடனும் கண்ணோட்டமும் ஒன்றுபட்டன. பிறர் பொருளும் பிறர் வாழ்வும் நம் கையில் ஒப்படைக்கப்படும் நாளில், நாமும் அத்தகைய கணக்கை எழுத வல்லவராவோமாக.